ஐந்து நிமிடத்தில் தவறிய விமானம்: கேட்டில் நின்று செய்யக் கூடாதவை

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் விமானம் ஏறாமல் திரும்புவதில் இரண்டு வகை உண்டு. கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து, வேன் மணிக்கணக்கில் நின்று, போய்ச் சேரும்போது விமானம் எப்போதோ பறந்துவிட்டது என்றால் மனசு ஒருவிதமாக அடங்கிவிடும். 'நம்ம கையில என்ன இருக்கு' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் செக்-இன் முடித்து, இமிகிரேஷனில் முத்திரை வாங்கி, மூச்சிரைக்கக் கேட்டுக்கு ஓடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்பதைப் பார்த்துக்கொண்டே "கேட் மூடியாச்சு" என்று கேட்பது வேறு. அது லேசில் அடங்காது.

ஏன் அடங்காது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1982இல் வெளியிட்டது. இரண்டு பேர் ஒரே வாகனத்தில் விமான நிலையத்துக்கு வருகிறார்கள். ஒரே நேரத்தில் வெவ்வேறு விமானம். நெரிசலில் மாட்டி 30 நிமிடம் பிந்திவிடுகிறது. ஒருவரிடம் 'உங்கள் விமானம் நேரத்துக்கே போய்விட்டது' என்கிறார்கள். மற்றவரிடம் 'உங்களது தாமதமாகி, ஐந்து நிமிடத்துக்கு முன்தான் போனது' என்கிறார்கள். யாருக்கு அதிக எரிச்சல் வரும் என்று கேட்டதில் 96 சதவீதம் பேர் இரண்டாமவரைக் காட்டினார்கள். இத்தனைக்கும் நட்டத்தில் ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. இரண்டாமவரின் மனசு அந்த ஐந்து நிமிடத்தை எங்கிருந்தாவது பிடுங்கிவிடலாமே என்று தேடிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

மலையகத்திலிருந்து போகிறவருக்கு அப்படித் தேட இடம் நிறைய. கித்துல்கலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தாமல் இருந்திருந்தால். மாணிக்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்காமல் இருந்திருந்தால். சித்தி வரும்வரை காத்திருக்காமல் இருந்திருந்தால். இந்தக் கணக்கு தலைக்குள் ஓடும் அரை மணி நேரத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. விமானம் போனது போய்விட்டது. அதற்குப் பிறகு போவதைத்தான் தடுக்கலாம்.

'விமானம் இங்கேதானே நிற்குது' என்று சண்டை போடுவது

முதலில் எல்லாரும் செய்வது இது. கேட்டில் இருப்பவர் வேண்டுமென்றே விடவில்லை என்று தோன்றும். உண்மையில் விமானம் புறப்படும் நேரமும் கேட் மூடும் நேரமும் வேறு வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் 15 முதல் 20 நிமிடத்துக்கு முன்பே கேட்டை மூடிவிடும். அந்த நேரத்தில் ஏறியவர்களை எண்ணி, எடைக் கணக்கை முடித்து, விமானி கையெழுத்திட வேண்டும். ஓடுபாதைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். வராதவரின் பெட்டி உள்ளே இருந்தால் அதைத் தேடி இறக்கவும் வேண்டும்.

இந்தப் பெட்டி விஷயம் சும்மா வந்ததல்ல. 1985 ஜூன் 23ஆம் திகதி ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டியைப் போட்டவர் விமானத்தில் ஏறவே இல்லை. பயணி ஏறாவிட்டால் பெட்டியும் போகக் கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க இறுக்கமானது. ஆகவே உங்கள் பெயரை நீக்கிப் பெட்டியை இறக்கிவிட்டார்கள் என்றால், விமானம் கண் முன்னே நின்றாலும் உங்களைப் பொறுத்தவரை போன மாதிரிதான். கேட்டில் நிற்கும் பிள்ளைக்குக் கதவைத் திரும்பத் திறக்கும் அதிகாரம் கிடையாது.

கத்தித் தீர்த்தால் மனசு லேசாகும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. அதுவும் சரியில்லை. ப்ராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு. அதோடு, இனி உங்களுக்கு வழி காட்டப் போவது அந்தக் கேட்டில் நிற்பவர்தான். அவரிடம் கேட்க வேண்டியது, "அடுத்து நான் யார்கிட்ட போகணும், என் பேக் எங்க வரும்" என்பது மட்டும்.

யாரிடமும் சொல்லாமல் வெளியே நடப்பது

இமிகிரேஷன் தாண்டியவர் கடவுச்சீட்டுப்படி நாட்டை விட்டுப் புறப்பட்டவர். அந்த முத்திரையை ரத்து செய்துதான் வெளியே வர முடியும். விமான நிறுவனத்து ஆள் ஒருவரோடு திரும்பிப் போய் அதைச் சரி செய்ய வேண்டும். வரி இல்லாக் கடையில் வாங்கிய சாமான் இருந்தால் அதையும் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வருவதில் தப்பில்லை. ஆனால் கதிரையில் மணிக்கணக்காக இடிந்து உட்கார்ந்திருந்தால், அடுத்த விமானத்தில் இருக்கும் ஓரிரு இடத்தை வேறு யாராவது எடுத்துவிடுவார்கள்.

வெளியே வந்ததும் விமான நிறுவனத்தின் கவுண்டருக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். அடுத்த விமானத்தில் இடம் இருக்கிறதா, இதே டிக்கெட்டை மாற்ற எவ்வளவு அபராதம், திரும்பி வரும் பயணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா. மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. போகும் பயணத்துக்கு வராதவரின் டிக்கெட்டில் மிச்சமுள்ள பயணங்களை எல்லாம் நிறுவனங்கள் பொதுவாக ரத்து செய்துவிடும். போகும் பக்கத்துக்கு மட்டும் புது டிக்கெட் வாங்கிவிட்டு, திரும்பும்போது பழையதில் வரலாம் என்று நினைத்தவர் அந்த ஊரில் நின்று தவிப்பார்.

கேட் வரைக்கும் போகாமல் வழியிலேயே பிந்தியவருக்கும் இங்கே ஒரு சேதி உண்டு. அவிசாவளை நெரிசலில் நிற்கும்போதே இனி முடியாது என்று தெரிந்தால், விமானம் புறப்படும் முன்பே நிறுவனத்துக்கோ டிக்கெட் போட்டவருக்கோ போன் பண்ணிவிடுங்கள். புறப்படுவதற்கு முன் திகதி மாற்றுவதற்கு ஒரு கட்டணம், வராமலே போனதற்கு வேறு கட்டணம் என்று பல டிக்கெட்டுகளில் இருக்கிறது. பின்னது பெரும்பாலும் கூட. 'எப்படியாவது புடிச்சிரலாம்' என்று கடைசி நிமிடம் வரை வாயை மூடிக்கொண்டு போவது வீரம் மாதிரித் தெரியும். பணம்தான் போகும்.

கோபத்தில் புது டிக்கெட் போடுவது

கையில் போன் இருக்கிறது, மனசு கொதிக்கிறது, 'இன்னைக்கே போய்க் காட்டுறேன்' என்று ஒரு வேகம். இப்படி எடுக்கும் டிக்கெட்தான் இருப்பதிலேயே விலை கூடிய டிக்கெட். நகையை அடகு வைத்துப் புறப்பட்ட வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய டிக்கெட்டை என்ன செய்யலாம் என்று தெரியும்வரை புதிதாக எதுவும் வாங்காதீர்கள். அதை மாற்றவே முடியாது என்றாலும், பறக்காத பயணத்தின் விமான நிலைய வரியைச் சில நிறுவனங்கள் கேட்டால் திருப்பிக் கொடுக்கும். நூற்றுக்கு தொண்ணூறு பேர் கேட்பதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை என்றாலும்.

வேலைக்காக வளைகுடா போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுடைய டிக்கெட் பெரும்பாலும் ஏஜென்சியோ முதலாளியோ போட்டது. மாற்றுவதும் அவர்கள் வழியாகத்தான். முதலில் ஏஜென்சிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லுங்கள். விசாவுக்கு எந்தத் திகதி வரை செல்லுபடி என்பதையும் அப்போதே கேளுங்கள். விமான நிலையத்தில் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கவுண்டர் இருக்கிறது, அங்கேயும் சொல்லிவையுங்கள். பணியகத்தின் தொலைபேசி எண் 1989. ஊரில் உள்ள சப் ஏஜென்ட் 'நான் பாத்துக்கிறேன், இவ்வளவு குடுங்க' என்றால் ரசீது இல்லாமல் ஒரு சதமும் வேண்டாம். தவித்துப்போய் நிற்கிறவரிடம் பணம் பறிப்பது சுலபம் என்பது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும்.

போனை அணைத்துவிட்டு ஒளிவது

எனக்குத் தெரிந்தவரை இந்தப் பட்டியலில் மோசமானது இதுதான். தோட்டத்து வரிசை வீடுகளான லயமே சேர்ந்து வழியனுப்பியிருக்கும். மாலை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, ஆச்சி கையில் காசு வைத்து அனுப்பியிருப்பார். அந்த முகங்களுக்கு முன்னால் பெட்டியோடு திரும்பிப் போய் நிற்க யாருக்கும் கூசும். அதனால் கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் முடங்கி, 'வந்து சேர்ந்துட்டேன்' என்று கூடச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே துபாயிலோ டோஹாவிலோ கூட்டிப்போக வந்த ஆள் காத்திருந்து, ஆளைக் காணவில்லை என்று புகார் போகிறது. இங்கே விசா நாள் கரைகிறது.

சொல்வதற்கு நீளமான விளக்கம் தேவையில்லை. "பிளேன் தவறிருச்சு, நான் நல்லாத்தான் இருக்கேன், ஏர்போர்ட்லதான் இருக்கேன், அடுத்தது பாத்துட்டுச் சொல்றேன்." இவ்வளவு போதும். லயத்தில் வம்பு பேசுவார்கள்தான். அடுத்த சம்பள நாள் வந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களும் கொஞ்சம் வாயைக் கட்ட வேண்டும். 'அப்பவே சொன்னேன் சகுனம் சரியில்லன்னு', 'கொஞ்சம் பாத்துப் போயிருக்கலாமே' இரண்டும் அன்றைக்கு வேண்டாம். 'எல்லாம் நன்மைக்குத்தான்' என்பதும் முதல் ஒரு மணி நேரத்தில் ஆறுதலாக இறங்காது. சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வேன் ஓட்டிய அண்ணனைக் குற்றவாளியாக்குவது

திரும்பி வரும் வழி முழுக்க ஒருவர் மேல் பழி விழும். நின்றது ஒரு தேத்தண்ணிக்குத்தான், அதில் போனது பத்து நிமிடம்தான், ஆனால் குற்றம் முழுதும் அந்தத் தேத்தண்ணி தலையில். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நான்கைந்து மணி நேரம், பதுளைப் பக்கமிருந்து அதைவிடக் கூட. அந்த நீளப் பாதையில் பத்து நிமிடத்துக்குக் கூட இடம் வைக்காமல் புறப்பட்டிருந்தால் தவறு நடந்தது கித்துல்கலையில் அல்ல, வீட்டு வாசலில். தென்மேற்குப் பருவமழை காலத்தில் பனிமூட்டமும் மண்சரிவும் இருக்கும் என்பது நமக்குப் புதுச் செய்தியும் இல்லை. புறப்படும் முன் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, அழைத்துப் பாதை நிலவரம் கேட்கலாம். முடிந்தவர்கள் முதல் நாள் மாலையே நீர்கொழும்புப் பக்கம் வந்து தங்கிவிடுவது நல்லது. வேன் நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றாவிட்டால் அந்தச் செலவும் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

எங்கே பிழைத்தது என்று யோசிப்பது கெட்டதில்லை. அன்றைக்கே யோசிப்பதுதான் வீண். இரண்டு நாள் தூங்கி எழுந்து பார்த்தால், பெரும்பாலும் வேறு இரண்டு காரணம் கண்ணில் படும்.

ஒன்று, நள்ளிரவுத் திகதி. வளைகுடா விமானங்கள் பல நடுச்சாமத்தில்தான் புறப்படும். டிக்கெட்டில் 15ஆம் திகதி 00:45 என்று இருந்தால் 14ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும், அதாவது வீட்டிலிருந்து 14ஆம் திகதி பகலில் கிளம்ப வேண்டும். 15ஆம் திகதி மத்தியானம் கறி சமைத்துச் சாப்பிட்டுப் புறப்படுகிறவர்கள் ஒரு நாள் முழுதாகப் பிந்துகிறார்கள்.

இன்னொன்று, உள்ளே போய்விட்டோம் என்ற நிம்மதி. செக்-இன் முடிந்தாலும் இமிகிரேஷன் வரிசை இருக்கிறது, கேட்டுக்கு முன்னால் மறுபடி ஒரு சோதனை இருக்கிறது. போர்டிங் பாஸில் பெரிதாக அச்சிட்டிருப்பது ஏறத் தொடங்கும் நேரமா, புறப்படும் நேரமா என்று பார்ப்பதில்லை. வீடியோ கோலில் வீட்டாரோடு பேசிக்கொண்டே கேட் எண் மாறியதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இப்போது ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதில்லை, திரையைத்தான் பார்க்க வேண்டும். அழுவதோ பேசுவதோ, கேட்டுக்கு முன்னால் இருக்கும் கதிரையில் உட்கார்ந்து செய்யுங்கள்.