கொங்குக் கோர்ட்டுகளில் ஜூனியராகச் சேர்வது எப்படி? விளம்பரம் வராத வேலையைத் தேடும் முறை

ஈரோட்டிலோ தாராபுரத்திலோ "ஜூனியர் தேவை" என்று வக்கீல்கள் விளம்பரம் கொடுப்பது அபூர்வம். நவுக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் தேடினால் கம்பெனிகளின் லீகல் ஆபீசர் வேலைதான் பெரும்பாலும் வரும். அதில் கோர்ட் வாசலை மிதிக்க வேண்டியதே இருக்காது. வழக்கு நடத்தத்தான் ஆசை என்றால் தேடும் இடம் வேறு.

என்ரோல்மெண்ட் (பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு) முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏ.ஐ.பி.இ. என்ற அகில இந்திய பார் தேர்வுக்கு இரண்டு வருடக் கெடு உண்டு, அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

1. ஊரைத் தேர்ந்தெடுங்கள்

கோவையில் தொழிலாளர் நீதிமன்றம், குடும்ப நீதிமன்றம், முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றம் என்று தனித்தனியாக இருக்கின்றன. சீனியர்களும் அப்படியே ஆளுக்கொரு துறையாகப் பிரிந்திருப்பார்கள். கோபி, பவானி, காங்கேயம், தாராபுரம் பக்கம் ஒரே ஆபீஸில் பாகப்பிரிவினை, செக் கேஸ், விபத்து இழப்பீடு, ஜாமீன் நான்கும் நடக்கும். முதல் மூன்று வருடத்துக்கு இரண்டாவது வகையே மேல் என்பது என் கட்சி. சின்ன ஊர், சின்ன கேஸ் என்று நினைக்க வேண்டாம். கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தல் வழக்கில் 2018-ல் தீர்ப்பு வந்தது கோபி கோர்ட்டில்தான்.

கரூரைத் தேர்ந்தெடுத்தால் ஒன்று கவனியுங்கள். அங்கிருந்து அப்பீல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் எல்லாம் சென்னைக்கு.

2. பெயர்ப் பட்டியல் போடுங்கள்

இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, வழக்கு நிலையை வக்கீல் பெயரால் தேடலாம். செல்போன் ஆப்பைவிட கம்ப்யூட்டரில் பார்ப்பது வசதி. ஒரே வக்கீலின் பெயர் மூன்று நான்கு ஸ்பெல்லிங்கில் பதிவாகியிருக்கும்; இனிஷியல் முன்னாலும் இருக்கும், பின்னாலும் இருக்கும். அதனால் முழுப் பெயரைப் போடாமல் நடுவிலுள்ள நான்கைந்து எழுத்தை மட்டும் போடுங்கள்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 300 வழக்கு காட்டும் ஆபீஸில் 250 ஒரே பைனான்ஸ் கம்பெனியின் செக் கேஸாக இருக்கலாம். அங்கே ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கற்க எதுவும் இருக்காது. ஒவ்வொரு வழக்காகத் திறந்து எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சாட்சி விசாரணையிலும் வாதத்திலும் நிற்கும் ஒரிஜினல் சூட்கள் (அசல் சிவில் வழக்குகள்) இருபது இருந்தாலே அது நல்ல ஆபீஸ். சம்மன் கட்டத்திலேயே தேங்கியவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. இரண்டு வாரம் கோர்ட் ஹாலில் உட்காருங்கள்

காலை 10.30-க்கு முன்பே போய்ப் பின்வரிசையில் இடம் பிடியுங்கள். பட்டியலில் உள்ள சீனியரின் வழக்கு கூப்பிடும்போது யார் எழுந்து நிற்கிறார்கள்? வாய்தா வாங்க மட்டும் ஜூனியர் வருகிறாரா, தங்கள் தரப்புச் சாட்சியை விசாரிக்கும் முதல் விசாரணையாவது அவர் கையில் கிடைக்கிறதா? இரண்டு ஜூனியர் இருக்கும் ஆபீஸ் நல்லது. ஆறு பேர் இருந்தால் ஏழாவது ஆளுக்குக் கேஸ் கட்டுத் தூக்கும் வேலைதான் மிஞ்சும்.

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை. ஏப்ரல் கடைசியில் போய்க் கேட்டால் "ஜூன்ல பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். ஜூன் முதல் வாரத்திலேயே போங்கள்.

4. குமாஸ்தாவிடம் பேசுங்கள்

கோர்ட் வராந்தாவில் சீனியரை மறிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் ரெஸ்யூமே தள்ளிவிடாதீர்கள். சாயங்காலம் எத்தனை மணிக்கு ஆபீஸில் இருப்பார், கட்சிக்காரர் கூட்டம் என்றைக்குக் குறைவு என்பதெல்லாம் குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். "அண்ணா, சாரைப் பார்க்கணுங்க, எப்ப வந்தா தோதா இருக்குங்க?" என்று கேட்டாலே போதும்.

உள்ளே போனதும் முதல் கேள்வி "எந்த ஊருங்க?" என்பதாக இருக்கும். அது வெறும் குசலம் இல்லை. உங்கள் பெரியப்பா மீது அந்த ஆபீஸிலேயே தடத் (வண்டிப்பாதை) தகராறு வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். ஊர், குடும்பம், உறவுக்காரர் வழக்கு எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் ஆபீஸை விட்டே போக வேண்டியிருக்கும்.

5. பத்திரம் படிக்கத் தெரிந்துகொண்டு போங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். 1976-ல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்திய பிறகு கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் உண்டு. மாவட்டங்களில் பிராதும் (வழக்கு மனு) சாட்சியமும் பெரும்பாலும் தமிழில்தான். ஆங்கிலத்தில் மட்டும் டிராஃப்ட் செய்யத் தெரிந்தவரைச் சோதிக்க, சீனியர் மேஜையிலிருந்து ஒரு பழைய பாகப் பத்திரத்தை எடுத்து நீட்டுவார்.

வீட்டிலிருக்கும் மூலப் பத்திரத்தில் பழகுங்கள். ஒரே பக்கத்தில் தேதி, தரப்பினர், சர்வே எண், விஸ்தீரணம், செக்குபந்தி (நான்கெல்லை), கிணற்றுப் பங்கு, மோட்டார் சர்வீஸ் இணைப்பு, மாமூல் வண்டித்தட பாத்தியம் (வழக்கமாக வண்டி போகும் உரிமை) எல்லாம் வரும்படி குறிப்பு எடுங்கள். கிணற்றுப் பங்கையும் தடத்தையும் விட்ட குறிப்பு இந்தப் பக்கத்தில் குப்பைக்குச் சமம். பாதி வழக்குகள் அதில்தான் முளைக்கின்றன.

செக்குபந்தியில் எல்லோரும் தலைகீழாகப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. "கருப்பண்ணன் பூமிக்கும் கிழக்கு, தென்வடல் வண்டித்தடத்துக்கும் மேற்கு, இதன் மத்தியில்" என்று இருந்தால், நம் சொத்து கருப்பண்ணன் பூமிக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே நமக்கு மேற்கெல்லை கருப்பண்ணன் பூமி, கிழக்கெல்லை தடம். இதை மாற்றி எழுதிப் பிராது தாக்கலானால், கோர்ட் அனுப்பும் அட்வகேட் கமிஷனர் இடத்தைப் பார்க்க வரும் நாளில் தடம் எதிர்ப்பக்கம் கிடக்கும். பிறகு திருத்த மனு, அதற்கு ஆட்சேபணை, அதற்கொரு வாய்தா. குறிப்பெடுக்கும்போதே ஒரு சதுரம் வரைந்து நான்கு பக்கமும் பெயர் எழுதிவிடுங்கள், தப்பு வராது.

அடுத்தது அளவு. பத்திரத்தில் பு.ஏ. 2.40 என்றால் புஞ்சை 2 ஏக்கர் 40 சென்ட். அதே நிலம் பட்டாவில் ஹெக்டேர்-ஏர் கணக்கில் 0.97.0 என்று இருக்கும். அது 97 ஏர், 97 சென்ட் அல்ல. ஒரு ஏக்கர் சுமார் 40.5 ஏர்.

செக் கேஸ் தேதிக் கணக்கும் கேட்பார்கள். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். எதிரிக்கு நோட்டீஸ் மார்ச் 5-ல் கிடைத்தால் பணம் கட்ட மார்ச் 20 வரை நேரம். வழக்கு மூலம் (வழக்குப் போடும் உரிமை) எழுவது 21-ல். புகாரை ஏப்ரல் 21-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அவசரப்பட்டு மார்ச் 20-லேயே போட்டால் முதிராத புகார் என்று தள்ளுபடியாகும்.

6. பணத்தைப் பற்றிக் கேளுங்கள்

உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2024 ஜூனில் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது: சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. சின்ன ஊர்களில் இதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். முதல் சந்திப்பில் இழுக்காமல், ஒரு மாதம் வேலை பார்த்த பிறகு நேராகக் கேளுங்கள். சொந்தமாக வரும் வழக்கை எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பின்னால் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இதில்தான்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள்.

சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு: 2025 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி மூன்று வருடப் பிராக்டிஸ் வேண்டும். சான்றிதழ் தரும் வக்கீலுக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் இருக்க வேண்டும். ஆகவே எட்டு வருடம் மட்டும் ஆன இளம் சீனியரிடம் சேர்வதற்கு முன் கணக்குப் பாருங்கள்.

சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வேலை உண்டா? பேனல் வக்கீலாக (ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீல்) சேர மூன்று வருடப் பிராக்டிஸ் வேண்டும். ஆனால் வசதியில்லாத எதிரிகளுக்காக வாதாடும் சட்ட உதவிப் பாதுகாப்பு ஆலோசகர் திட்டத்தில் உதவி ஆலோசகர் பதவிக்கு மூன்று வருடத்துக்குட்பட்ட கிரிமினல் பிராக்டிஸ் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிமன்ற இணையதளத்தில் அறிவிப்புப் பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள். சேர்ந்தால் தனியார் வழக்கு எடுக்க முடியாது. வரும் வேலை முழுக்கக் கிரிமினல், ரிமாண்டிலிருந்து தொடங்கும்.