உங்கள் தெருக் கேமராவைப் பற்றித் தகவல் கேட்பது எப்படி?

கடலூரில் எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தபடி ஒரு கேமரா முளைத்தது. "என்னைக் கண்காணிக்கிறீர்களா, ஏன்?" என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கோபம் தணிந்த பிறகுதான் என் மனுவிலும் கோளாறு இருந்தது புரிந்தது.

1. "ஏன்" என்று கேட்காதீர்கள். கோப்பில் உள்ளதைத்தான் சட்டம் தரச் சொல்கிறது. விளக்கம் சொல்லும் கடமை அலுவலருக்கு இல்லை. எனவே தாளைக் கேளுங்கள்: கேமரா பொருத்திய ஆணையின் நகல், பராமரிப்பு பில், பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்ற உத்தரவு. உளவை ரகசியம் என்று சொல்லிவிடலாம். ஒயர் வாங்கிய பில்லை அப்படிச் சொல்ல எவருக்கும் நா கூசும்.

2. பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகம் மாறிப்போனாலும், உரிய இடத்துக்கு 5 நாளில் அவர்களே அனுப்ப வேண்டும்.

3. பதிலுக்கு 30 நாள். மறுத்தால், எந்தப் பிரிவு என்று பாருங்கள். காரணத்தையும் மேல்முறையீட்டு அலுவலர் யார் என்பதையும் எழுதியாக வேண்டும் என்கிறது பிரிவு 7(8). எனக்கு வந்த ஒற்றை வரியில் இரண்டுமே இல்லை. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்குத் தரும் பிரிவு 24-ஐக் காட்டினால், அந்த அமைப்புகளானாலும் ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவலுக்கு அந்த விலக்கு கிடையாது என்பதை நினைவூட்டுங்கள். ஒரு பகுதிதான் ரகசியம் என்றால், அதை மறைத்து மீதியைத் தரச் சொல்கிறது பிரிவு 10.

4. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பின் 90 நாளுக்குள் இரண்டாவது. இரண்டாவதுக்குக் கடலூர்க்காரர் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆற்றைத் தாண்டி பாகூரில் இருப்பவர் புதுச்சேரி அரசைப் பற்றிக் கேட்டால், டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையம். கூப்பிடு தூரத்துக்கு இவ்வளவு வித்தியாசம்!

தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிக் கேட்பவர்கள் அதிகம் நம்ப வேண்டாம். தேவை இல்லாத பதிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பது விதி. நாம் மேல்முறையீட்டுப் படி ஏறுவதற்குள் தாளே இருக்காது.

இரண்டாவது மனுவுக்கு எனக்கு பில் நகல் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய். பதிவை எத்தனை நாள் வைப்பது என்ற கேள்விக்கு, "அவ்வாறான உத்தரவு ஏதுமில்லை" என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.