கடலில்லா ஊரிலிருந்து முதல் ஸ்கூபா: நம்பகமான டைவ் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

தருமபுரிக்கும் கடல் கிடையாது, கிருஷ்ணகிரிக்கும் கிடையாது. அதனால் இங்கிருந்து ஸ்கூபா (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் போவது) போகிறவர்கள் எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடுகிறார்கள். ரீல்ஸ் பார்ப்பது, எண்ணை எடுப்பது, முன்பணம் அனுப்புவது, இரவு பஸ் ஏறுவது. காலையில் போய் இறங்கும்போது தூக்கம் கெட்டிருக்கும், பணம் கட்டியாகியிருக்கும், கூடவே நாலு நண்பர்கள் நிற்பார்கள். அந்த நேரத்தில் கருவி சரியில்லை என்று பட்டாலும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. ஆகவே தேர்வின் பெரும்பகுதியை ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கரையில் ஒரு கால் மணி நேரச் சோதனை மட்டும் மிச்சம் இருக்கட்டும்.

அளவுகோல் ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றால், வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று சொல்லத் தெரிந்த கடையைத் தேடுங்கள். சளி பிடித்தவரை இறக்க முடியாது, அலை அதிகமுள்ள நாளில் படகு எடுக்க முடியாது என்று சொல்கிற கடைக்கு அன்றைய வருமானம் போகும். தெரிந்தே அதை விடுகிறவர்களை நம்பலாம். கீழே உள்ள படிகளில் பாதி, அந்த "முடியாது" வருகிறதா என்று பார்ப்பதற்கானவை.

படி 1: எதை வாங்குகிறீர்கள்?

"ஸ்கூபா" என்று ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்கிறது.

முதலாவது டிரை டைவ். சான்றிதழ் கிடையாது, நீச்சல் தெரிய வேண்டியதில்லை, 10 வயது ஆகியிருந்தால் போதும். பயிற்றுநர் கூடவே இருப்பார். ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர். இதற்கு அரை நாள் போதும்.

இரண்டாவது ஓபன் வாட்டர் கோர்ஸ். இது மூன்று, நான்கு நாள் வேலை: பாடம், குளத்திலோ ஆழமில்லாத இடத்திலோ பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை போகச் சான்று கிடைக்கும். இதற்கு 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். "ஒரே நாளில் சான்றிதழ்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் டிரை டைவுக்கு ஒரு நினைவுக் காகிதம் தருகிறார்கள் என்று பொருள். அதை வேறு எந்த டைவ் கடையும் ஏற்காது.

நீச்சல் பழக வேண்டும் என்பதற்காக ஒகேனக்கல்லிலோ கே.ஆர்.பி. அணையிலோ இறங்காதீர்கள். சுழலும் சேறும் உள்ள இடத்தில் பயிற்சி என்பதே கிடையாது. முறையான நீச்சல் குளத்தில் மாஸ்க் போட்டு, முகத்தை நீரில் வைத்து வாயால் மூச்சுவிடப் பழகினாலே டிரை டைவுக்குப் பெரிய உதவி.

படி 2: கரையும் பருவமும்

செலவைப் பார்த்தால் நமக்கு மிக அருகில் புதுச்சேரி. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழி. தருமபுரியிலிருந்து அரூர், திருவண்ணாமலை வழி. பஸ் கட்டணத்தோடு போய்வரலாம். பயிற்றுநர் தமிழில் பேசுவார் என்பது கூடுதல் லாபம். வங்கக் கடல் தினமும் தெளிவாக இருக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பக்கம் திட்டமிட வேண்டாம்.

அடுத்தது கர்நாடகத்தின் முருடேஸ்வரம். அங்கிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் நேத்ராணித் தீவு. அரபிக் கடல் என்பதால் கணக்கு தலைகீழ்: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் டைவிங் நிற்கும். அந்த மாதங்களில் "சார், நாங்க ஓட்டுறோம், வாங்க" என்கிற கடையை அப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

அந்தமானில் நீர் தெளிவு, தேர்ந்தெடுக்கக் கடைகளும் நிறைய. விமானச் செலவுதான் பட்ஜெட்டைச் சாப்பிடும்.

படி 3: மூன்று கடைகள், அரை மணி நேரச் சரிபார்ப்பு

உலக அளவில் சான்று தரும் அமைப்புகளில் பி.ஏ.டி.ஐ. (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) இரண்டும் இந்தியாவில் அதிகம் தென்படும். இரண்டின் இணையதளத்திலும் ஊர் வாரியாக டைவ் கடைகளைத் தேடலாம். கடை தன் சுவரில் லோகோ ஒட்டிக்கொள்வது எளிது. அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பி.ஏ.டி.ஐ. பயிற்றுநர் என்றால் அவருடைய எண்ணை வாங்கி, அந்தத் தளத்தில் போட்டு, உரிமம் இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கூகுள் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள். "சூப்பர் அனுபவம்" என்பதிலிருந்து ஒன்றும் தெரியாது. புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை படியுங்கள். வீடியோ வரவில்லை, சாப்பாடு சரியில்லை என்பவை சின்னக் குறைகள். "காது வலித்தும் கீழே இழுத்தார்கள்", "பயிற்சியே தராமல் இறக்கினார்கள்", "அவசரப்படுத்தினார்கள்" என்பவை வேறு வகை. அப்படி இரண்டு பேர் தனித்தனி மாதங்களில் எழுதியிருந்தால் அதுதான் அந்தக் கடையின் பழக்கம்.

படி 4: வாட்ஸ்அப் கேள்விகள்

முகவரிடம் பேசாமல், டைவ் கடைக்கே அனுப்புங்கள். இதை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம் அண்ணா. நாங்கள் மூன்று பேர், முதல் முறை டைவ். சில விவரம் வேண்டும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? நீருக்கடியில் எத்தனை நிமிடம், எவ்வளவு ஆழம்? கடலுக்கு முன் ஆழமில்லாத நீரில் பயிற்சி உண்டா? படகில் முதலுதவிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? எங்களில் ஒருவருக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது, பரவாயில்லையா? வானிலை காரணமாக ரத்தானால் பணம் திரும்ப வருமா?"

பதிலை எப்படி எடைபோடுவது?

ஆஸ்துமா கேள்விதான் இதில் தூண்டில். "ஒண்ணும் ஆகாது, வாங்க பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் அந்தக் கடை வேண்டாம். "மருத்துவப் படிவம் அனுப்புகிறோம், டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்பது சரியான பதில். உண்மையிலேயே குழுவில் யாருக்காவது இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று சிக்கினால், மேலே வரும்போது அது விரியும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப் போல இரு மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வருவதற்குள் இரு மடங்காகப் பெருகும். நீருக்கடியில் மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்ற முதல் விதியும் இதனால்தான்.

ஒரு பயிற்றுநருக்கு ஒருவர் என்றால் மிக நல்லது, இருவர் என்றால் சரி. அதற்கு மேல் போனால் முதல் முறைக்கு வேண்டாம். நிமிடக் கணக்கில் கவனம் தேவை. "மொத்தம் நாலு மணி நேரம்" என்பது ஏற்றி இறக்குவதையும் சேர்த்தது. நீருக்கடியில் 20 முதல் 30 நிமிடம் கிடைக்க வேண்டும். மலிவு விலைக்காரர்கள் வெட்டுகிற இடம் இதுதான்.

மொழியையும் கேளுங்கள். கீழே பேச முடியாது, கைச்சைகை மட்டும்தான். அந்தச் சைகைகளை மேலே உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லித்தந்திருக்க வேண்டும். முருடேஸ்வரத்தில் கன்னடம், இந்தி ஓடும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கன்னடம் தெரிந்த நண்பர் ஒருவராவது இருப்பார், அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் "நன்றாக இருக்கிறேன்" என்று நாம் நினைப்போம். டைவிங்கில் அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். இந்த ஒரு குழப்பத்தாலேயே டிரை டைவ் பாதியில் முடிந்துவிடலாம்.

படி 5: பணம்

விலையைக் கேட்பதற்கு முன், அதில் எது எது அடங்கும் என்று கேளுங்கள்: படகு, கருவி வாடகை, அனுமதிக் கட்டணம், வரி, புகைப்படம், வீடியோ. குறைந்த விலை சொல்லிவிட்டு வீடியோவுக்கும் படகுக்கும் தனியாக வாங்குவது வழக்கமான வித்தை. மூன்று கடைகளின் மொத்தத் தொகையை ஒரே தாளில் எழுதினால் வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதி விலைக்கு நின்றால் ஏன் என்று யோசியுங்கள். கம்ப்ரெசர் (சிலிண்டரில் காற்றை நிரப்பும் எந்திரம்) ஃபில்டர் மாற்றுவது, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) சர்வீஸ், பயிற்றுநர் சம்பளம் மூன்றும் கண்ணுக்குத் தெரியாத செலவுகள். வெட்டுவதென்றால் அங்கேதான் வெட்டுவார்கள்.

சிக்கனத்தை அறையிலும் பயணத்திலும் காட்டுங்கள். வார நாளில் போனால் அறை வாடகை குறையும், படகில் கூட்டமும் இருக்காது. முன்பணம் முழுத் தொகையாக வேண்டாம், ஒரு பகுதி மட்டும். யூ.பி.ஐ.யில் வரும் பெயர் கடையின் பெயரா, யாரோ ஒருவருடையதா என்று பாருங்கள். வானிலையால் ரத்தானால் என்ன என்பது எழுத்தில் வாட்ஸ்அப்பில் இருக்கட்டும்.

படி 6: உடம்பு

மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை, நுரையீரல் பிரச்சினை, கர்ப்பம் எதுவாக இருந்தாலும் முதலில் டாக்டர். "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போடுங்க சார்" என்று பேனாவை நீட்டுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம். சளி இருந்தால் தேதியை மாற்றுங்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே மருந்தின் வேகம் தீர்ந்து, மேலே வரும்போது காதும் சைனஸும் அடைத்துக்கொள்ளும். முந்தைய இரவு மது கூடாது.

படி 7: கரையில் கால் மணி நேரம்

சிலிண்டர்: தோள் பகுதியில் சோதனைத் தேதி குத்தியிருக்கும். நீரழுத்தச் சோதனை பொதுவாக 5 ஆண்டுக்கு ஒருமுறை. தேதி தெரியாதபடி பெயின்ட் அடித்திருந்தால் கேளுங்கள்.

காற்று: ரெகுலேட்டரில் இரண்டு மூச்சு இழுங்கள். மணமும் சுவையும் இருக்கவே கூடாது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் கம்ப்ரெசர் தன் எஞ்சின் புகையையே உள்ளிழுத்திருக்கலாம். அதில் வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும். அந்தச் சிலிண்டரோடு இறங்காதீர்கள்.

அழுத்தமானி: முள் 200 பார் அருகில் நிற்க வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே நான்கு மூச்சு இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் கீழே விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே சரியாக இருப்பது போலத் தெரியும், 8 மீட்டரில் காற்று போதாது. கண்டுபிடிக்கப் பத்து வினாடிதான் ஆகும். ஆனால் புதியவர்களுக்கு இது தோன்றாமல் போகலாம்.

இரண்டாவது வாய்ப்பகுதி: மஞ்சள் நிறத்தில் உதிரியாகத் தொங்கும். அதிலும் மூச்சு இழுத்துப் பாருங்கள். டைவிங்கில் மிதக்க உதவும், காற்று நிரப்பக்கூடிய ஜாக்கெட்டில் காற்றேற்றும் பொத்தானை அழுத்தி விட்டதும் காற்று நிற்க வேண்டும். தானாக ஏறிக்கொண்டே போனால் உங்களை மேலே தூக்கிவிடும்.

படகு: ஒகேனக்கல் பரிசலைப் போல இங்கும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கண்ணில் பட வேண்டும். ஏணி, முதலுதவிப் பெட்டி, ஆக்சிஜன் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். எல்லோரும் நீரில் இருக்கும்போது படகில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பயிற்சி: ஆழமில்லாத நீரில் வாய்ப்பகுதியைக் கழற்றி மாட்டுவது, மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றுவது, காது சமன் செய்வது, சைகைகள். இவை முடியாமல் நேரே ஆழத்துக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள். காது விஷயத்தில், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுவதை வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய்ய வேண்டும். வலி வந்தபின் ஊதினால் திறக்காது. கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். வேகமாக இறக்குகிற பயிற்றுநரை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

படி 8: திரும்பும் பஸ்

இதைக் கடைக்காரர் சொல்லாமல் விடலாம், அவர் கடல் மட்டத்திலேயே இருப்பவர். டைவ் முடிந்து உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழாகப் பிரியக்கூடும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம் என்பது டைவிங் மருத்துவ அமைப்புகள் சொல்லும் கணக்கு. சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குத் தரைவழியில் போனாலும் இதையே மனதில் வைக்க வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி திரும்பினால் உயரம் அந்த வரம்புக்குள்தான். "வழியிலதான, ஏலகிரியைப் பாத்துட்டுப் போலாம்" என்று யாராவது சொன்னால் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். முருடேஸ்வரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையையும், பிறகு 900 மீட்டர் ஒட்டிய பெங்களூரு, ஓசூரையும் தாண்ட வேண்டும். டிரை டைவ் ஆழமும் நேரமும் குறைவு என்பதால் ஆபத்து சிறியதுதான், ஆனாலும் காலையில் முதல் படகில் டைவ் முடித்து, இரவு கடைசி பஸ்ஸுக்கு டிக்கெட் போடுங்கள். இரண்டு டைவ் போட்டிருந்தால் அன்றிரவு அங்கேயே தங்கி மறுநாள் கிளம்புங்கள். அந்தமான் என்றால் டைவைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், காரணமில்லாத அசதி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், எப்போது, எத்தனை மீட்டர் டைவ் செய்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.