சுற்றுச்சூழல் சங்கம் தொடங்கியாயிற்று. நிர்வாகக் குழு என்ன செய்ய வேண்டும்?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்கப் பத்துப் பேர் எளிதில் சேர்ந்துவிடுவார்கள். சாக்குப்பையும் கையுறையும் யார் காசில் வாங்குவது என்று கேட்டால்தான் கடலைப் பார்ப்பார்கள். நிர்வாகக் குழுவின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் படி: ஆள் சேர்ப்பு
தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கத்துக்குக் குறைந்தது 7 பேரும் குழுவுக்குக் குறைந்தது 3 பேரும் வேண்டும். குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. (புதுச்சேரி எல்லைக்குள் பதிவு செய்தால் 1860-ஆம் ஆண்டுச் சட்டம், விதிகள் வேறு.) மீனவக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவரும் கணக்கெழுதத் தெரிந்த ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே வீட்டாராக இருந்தால் அது குழு அல்ல, குடும்பம்.

இரண்டாம் படி: மினிட் புத்தகம் (கூட்டத் தீர்மானங்களை எழுதும் பதிவேடு)
பலரும் சறுக்குவது இங்கேதான். நான் செயலாளரான முதல் ஆண்டில் தீர்மானங்களை டீக்கடை பில்லின் பின்புறம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தணிக்கையாளர் கேட்ட நாளில் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

“பனை விதை நடலாம் என்று பேசப்பட்டது” என்பது தீர்மானம் ஆகாது. இப்படி எழுதுங்கள்: “தாழங்குடா கரையோரம் 500 பனை விதைகளை ஐப்பசி மழைக்கு முன் ஊன்றுவது, செலவு 3,000 ரூபாய்க்கு மிகாமல், பொறுப்பு செயலாளர்.” கீழே வந்தவர்கள் அனைவரின் கையெழுத்து. சங்கத்தின் துணைவிதியில் சொன்ன கோரம் (கூட்டத்துக்கு வரவேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) சேரவில்லையென்றால், டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுங்கள், தீர்மானம் வேண்டாம்.

கன்று வாங்கப் போகும் நர்சரி பொருளாளரின் மைத்துனருடையதா? அவர் அதை முதலிலேயே சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது வெளியே போய் நிற்க வேண்டும். அதையும் புத்தகத்தில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: பணம்
சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, காசோலையில் இருவர் கையெழுத்து. நன்கொடையைச் செயலாளரின் சொந்தக் கணக்கில் வாங்கவே கூடாது, ஒரு நாளைக்குக்கூட. வெளிநாட்டுப் பணமென்றால், அதற்குரிய மத்திய அரசின் பதிவோ அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள்.

நான்காம் படி: வேண்டாம் என்று சொல்வது
தை, மாசியில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமைகள்) கரையேறி முட்டையிடும். ஆர்வமுள்ள இளைஞர்கள் முட்டைகளைத் தாங்களே எடுத்துப் பாதுகாக்கலாம் என்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. வனத்துறை அனுமதியில்லாமல் தொட்டால் குற்றம். அவர்களைத் தடுத்து, முதலில் வனத்துறைக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியது குழு.

ஐந்தாம் படி: ஆண்டுக் கணக்கு
பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கை வைத்து ஒப்புதல் வாங்குங்கள். பிறகு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். குழுவில் ஆள் மாறியிருந்தால் அதையும் தெரிவியுங்கள். ஒப்புகைச் சீட்டின் நகல்களை இரண்டு வீடுகளில் வையுங்கள், பரண் மேல். 2011-இல் ‘தானே’ என்ற புயலைப் பார்த்த ஊர் இது.