நாகர்கோவில் போகிறவர்கள் திருவனந்தபுரத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குக் குமரி மாவட்டம் வருகிறவர்களில் நிறையப் பேர் திருவனந்தபுரம் விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். இறங்கிய கையோடு காரில் ஏறினால் அடுத்து நிற்பது எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டித்தான். திரும்பும்போதும் அதே ஓட்டம். அந்த ஊரில் ஒரு முழு நாள் தங்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரில்தான், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில், இருந்தன. நம் பாட்டாமார் படிக்கவும் வழக்குப் பேசவும் போய்வந்த தலைநகரம் அது. திருவிதாங்கூர் அரச குடும்பம் தொடங்கி வைத்த நூலகமும் அருங்காட்சியகமும் நமக்கு அந்நியமில்லை. அவற்றைக் கட்டிய கஜானாவில் நம் முன்னோர் கட்டிய வரியும் இருந்தது.

திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அருங்காட்சியகத்துக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் அன்று விடுமுறை.

காலையில் முதலில் மியூசியம் வளாகம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பெயரில் நிற்கும் இன்றைய கட்டடம் 1880-இல் முடிந்தது, வடிவமைத்தவர் சிசோம். ஆனால் அருங்காட்சியகம் அதற்கும் முந்தியது. 1857-இல், மன்னர் உத்திரம் திருநாள் காலத்திலேயே திறந்துவிட்டார்கள். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற 1859 உத்தரவும் இவர் ஆட்சியில் வந்ததுதான். நீண்ட போராட்டத்துக்குப் பிறகே வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதே வளாகத்தில் சித்ரா கலைக்கூடம், 1935-இல் மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில் வந்தது. மறு ஆண்டு கோயில் நுழைவுப் பிரகடனம்.

அங்கிருந்து பாளையம் பக்கம்தான், மாநில மத்திய நூலகம். 1829-இல் மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில் தொடங்கியது, இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. அரசர் வீட்டு அலமாரிக்குள் அடைந்து கிடக்காமல் புத்தகம் ஊருக்கு வந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

மதியத்துக்கு மேல் கிழக்குக்கோட்டை. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய குதிரமாளிகை அரண்மனை சுவாதித் திருநாள் கட்டியது. கூரையின் கீழ் வரிசையாக 122 மரக்குதிரைகள். அரச குடும்பத்தின் பொருட்களை அங்கே மக்கள் பார்க்க வைத்திருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறையை ஜனவரி வரை நீட்ட முடிந்தால் அங்கே நடக்கும் சுவாதி சங்கீத விழாவைக் கேட்கலாம், கட்டணம் கிடையாது. நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாக்கியம் உண்டு. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, குமாரகோவிலிலிருந்து முருகன், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட சிலை என்பது நம் ஊர்ச் செவிவழிச் செய்தி. எல்லை மாறியும் சாமிகள் போய்வருவது நிற்கவில்லை.

சுவடிகளில் ஆர்வமுள்ளவர்கள் இன்னொரு அரை நாள் வைத்துக்கொண்டு காரியவட்டம் போங்கள். கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் அங்கே இருக்கிறது. திருவிதாங்கூர் அரசு சுவடிகளைத் தேடிச் சேர்த்து அச்சிடத் தொடங்கியபோது பொறுப்பேற்றவர் திருநெல்வேலிப் பக்கம் தருவையில் பிறந்த கணபதி சாஸ்திரி. பத்மநாபபுரம் அருகே மணலிக்கரையில் ஒரு மடத்தில் அவருக்குக் கிடைத்த ஓலைக்கட்டில்தான் பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் நாடகங்கள் இருந்தன. 1912 முதல் அச்சேறின. அதுவரை பாசன் என்பவர் பிறர் புகழ்ந்த பெயராகவே இருந்தார். நம் ஊர்க்காரர் ஒருவர் நம் ஊர் மடத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததை உலகமே படித்தது!

அதனால்தான் உங்கள் வீட்டு மச்சையும் ஒருமுறை பாருங்கள் என்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று ஓலைக்கட்டுகள் இருந்தன. நாங்கள் ஏறிப் பார்த்தபோது ஒன்று முழுக்கச் செல்லரித்துவிட்டது. அது என்ன ஏடு என்று இனி யாருக்கும் தெரியாது. ஓலை கிடைத்தால் கயிற்றை வலிந்து அவிழ்க்காதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழைய ஆதாரங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், மலையாளத்தில் இருக்கும், ஆண்டு கொல்லம் கணக்கில் இருக்கும். 1098 என்றிருந்தால் 1922 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1923 ஆகஸ்ட் நடு வரை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாட்டாவின் நினைவாக இருக்கட்டும் என்று சுவடியைப் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுக்கு மேலான, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள சுவடியும் ஆவணமும் தொல்பொருள்தான். சிலை போன்றவற்றுக்கு 100 ஆண்டு. தனி ஆள் ஏற்றுமதி செய்ய வழியில்லை. படம் எடுத்துப் போங்கள், பொருள் இங்கே இருக்கட்டும்.

அப்புறம் பணம். ஊர் வாசகசாலைக்கு அலமாரி வாங்கித் தர நினைப்பவர்கள் முதலில் தங்கள் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் சிக்கலில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுத்தால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம். அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வது அந்த வாசகசாலைதான்.

சுவடி கொடுத்தாலும் புத்தகம் கொடுத்தாலும் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். எத்தனை கட்டு, எத்தனை ஏடு, எந்த ஊர், என்ன வீட்டுப்பேர், எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாங்கள் மிச்சமிருந்த இரண்டு கட்டுகளைக் கொடுத்தபோது பாட்டாவின் பெயரோடு பாட்டியின் பெயரையும் எழுதச் சொன்னோம். மழைக்காலம் தோறும் அவற்றை வெயில் காட்டி எடுத்து வைத்தவள் அவள்தான்.