தாளத்தின் முதல் தட்டைக் காலியாக விடுங்கள்: ராக் அண்ட் ரோல் பாட்டை ரெக்கேயாக மாற்றும்போது நேரும் தவறுகள்

பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்றை ஜமைக்கா இசையான ரெக்கேயில் வாசிக்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலான குழுக்களில் நடப்பது இதுதான். கிட்டார்காரர் மட்டும் 'சக்... சக்...' என்று வெட்டி வாசிக்க ஆரம்பிப்பார். மற்றவர்கள் பழையபடியே வாசிப்பார்கள். முதல் பத்து நொடி நன்றாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் போனால் பாட்டு மூச்சுத் திணறும்.

காரணத்தை விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார். ராக் அண்ட் ரோலில் குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்மான ஸ்னேர் விழுவது அதன் இரண்டாம், நான்காம் தட்டுகளில். ரெக்கே கிட்டாரின் வெட்டும் அதே இரண்டிலும் நான்கிலும்தான். ஒரு நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் யாருக்கும் வசதியில்லை. ஜமைக்கா டிரம்மர்கள் அந்த நாற்காலியை கிட்டாருக்குக் கொடுத்துவிட்டு எழுந்துகொண்டார்கள். காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மான கிக்கும் ஸ்னேரும் சேர்ந்து மூன்றாம் தட்டில் விழும். ஜால்ரா போன்ற ஹை-ஹாட் மெல்ல ஓடிக்கொண்டிருக்க, முதல் தட்டு காலி. 'ஒன் டிராப்' என்பது இதைத்தான். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கார்ல்டன் பாரெட் வாசித்ததைக் கேட்டால் அந்தக் காலியிடத்தின் கனம் புரியும்.

கேட்க எளிது, வாசிக்கக் கடினம். எங்கள் டிரம்மர் தம்பிக்குப் பத்து வருடப் பழக்கம், ஒன்று வந்தால் கால் தானாகப் பெடலை மிதித்துவிடும். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை ஸ்டூலுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் மூன்றாம் தட்டைக் குச்சியால் மட்டும் அடித்தான். "ஒன்னு எங்கண்ணே போச்சு?" என்று கேட்டான். "அங்கதான் இருக்கு, யாரும் அடிக்கல, அவ்வளவுதான்" என்றேன். அதன் பிறகுதான் கால் பெடலுக்குத் திரும்பியது.

அடுத்த தவறு வேகத்தில். அமெரிக்கப் பாடகர் சக் பெரியின் 1958ஆம் வருடத்து 'ஜானி பி. குட்' நிமிடத்துக்கு சுமார் 168 தட்டு ஓடும். ரெக்கேயின் வேகம் 75 என்று எங்கோ படித்துவிட்டு, அதே எண்ணிக்கையை அப்படியே 75க்கு இறக்குகிறார்கள். கணக்குப் போடுங்கள். 12 பார் கொண்ட ஒரு சுற்றில் 48 தட்டு. 168இல் அது 17 நொடி, 75இல் 38 நொடி. பாடுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் ரப்பர் மாதிரி இழுக்க வேண்டியதுதான். ரெக்கேக்காரர்கள் 75 என்று சொல்வது இரண்டு தட்டை ஒன்றாக எண்ணி. நாம் எண்ணுகிற முறையில் அது 150. அந்த வேகத்தில் ஒரு சுற்று 19 நொடி. பாட்டு கொஞ்சம் சாய்ந்து உட்காரும், தூங்கிவிடாது. வேகத்தைக் குறைக்கவே மனசு வரவில்லையா? அப்படியானால் ரெக்கேக்கு முன்பே ஜமைக்காவில் வந்த வேகமான இசையான ஸ்காவில் செய்யுங்கள். அது அந்த ஓட்டத்துக்கென்றே பிறந்தது.

பிறந்த கதையும் இங்கே உதவும். 1950களில் ஜமைக்காக்காரர்கள் அமெரிக்க வானொலியிலும் பெரிய ஒலிபெருக்கிகளில் ரெக்கார்டு போடும் தெருவோர சவுண்ட் சிஸ்டங்களிலும் கேட்டு ஆடியது நியூ ஆர்லியன்ஸ் ரிதம் அண்ட் புளூஸ். அதன் எதிர்த்தட்டை, அதாவது முதன்மைத் தட்டுகளுக்கு இடையில் விழுவதை, இன்னும் அழுத்தி வாசித்ததில்தான் ஸ்கா வந்தது. ஃபேட்ஸ் டாமினோவின் 1959ஆம் வருடத்து 'பீ மை கெஸ்ட்' கேளுங்கள், விதை அங்கேயே கிடக்கிறது. ஆகவே வெளியிலிருந்து எதையோ கொண்டுவந்து ஒட்டுவதாக நினைக்காதீர்கள். மூலப் பாட்டில் எதிர்த்தட்டைத் தொடுகிற வாத்தியம் எது என்று முதலில் தேடுங்கள். பியானோவின் வலது கையாக இருக்கலாம், கைதட்டலாக இருக்கலாம். அங்கிருந்து தொடங்கினால் பாட்டு முரண்டு பிடிக்காது.

பேஸ் கிட்டாரில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன். ராக் அண்ட் ரோலில் பேஸ் தட்டுக்குத் தட்டு நடக்கும். அந்த நடையை அப்படியே ரெக்கேக்குக் கொண்டுவந்தால் காலியாக்கிய இடமெல்லாம் மறுபடி நிரம்பிவிடும். ரெக்கேயில் பேஸ் ஒரு பாடகன். இரண்டு பாருக்குள் அடங்கும் சின்ன மெட்டு, நடுவில் தாராளமான மௌனம். மற்ற வாத்தியங்களை நிறுத்திவிட்டு பேஸை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அறையில் இருப்பவர்களால் அதை முணுமுணுக்க முடியாவிட்டால் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. கிட்டாருக்கு ஒரே குறிப்பு: வெட்டியவுடன் இடது கையைத் தளர்த்துங்கள், கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஒலித்துக்கொண்டே இருக்கக் கூடாது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வேண்டாம்.

'கரீபியன்' என்றதும் ரெக்கே தாளத்தின் மேல் ஸ்டீல் பான் ஒலியைத் தூவுவது எனக்கு வருத்தம் தருகிற தவறு. எண்ணெய் பீப்பாயிலிருந்து ஸ்டீல் பான் உருவானது டிரினிடாடில். ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்கும் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் நடுவே சுமார் 1,800 கிலோமீட்டர் கடல். ஸ்டீல் பான் வேண்டுமென்றால் டிரினிடாட் இசை வகைகளான கலிப்சோவையோ சோகாவையோ முழு மனதோடு எடுங்கள். சோகாவில் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1970களின் தொடக்கத்தில் டிரினிடாட் பாடகர் லார்ட் ஷார்ட்டி அதை உருவாக்கியபோது, ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர்கள் வாசித்த டோலக்கையும் இரும்புக் கம்பியாலான தன்தாலையும் அதில் சேர்த்தார்.

பாடுகிறவர் ஜமைக்கா உச்சரிப்பை நடித்துக்காட்டக் கூடாது. ஜமைக்கா பாடகர் பீட்டர் டாஷ் 1983இல் 'மாமா ஆஃப்ரிக்கா' ஆல்பத்தில் 'ஜானி பி. குட்'டைப் பாடியபோது வரிகளில் அமெரிக்காவின் லூசியானாவை எடுத்துவிட்டு ஜமைக்காவின் மாண்டெவில்லை வைத்தார். அது அவர் மண், அவர் நாக்கு. நீங்கள் உங்கள் நாக்கிலேயே பாடுங்கள். சொல்லைத் தட்டுக்குக் கொஞ்சம் பின்னால் போடுங்கள், போதும். வரியை மாற்றுவதென்றால் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்கிவிடுங்கள்.

கிட்டார் சோலோ வரும் 12 பாரில் என்ன செய்வது என்று கேட்பார்கள். நான் சோலோவையே எடுத்துவிடுவேன். ஜமைக்கா ஒலிப்பதிவாளர் கிங் டப்பி, பாட்டின் குரலையும் வாத்தியங்களையும் நீக்கி எக்கோ சேர்க்கும் டப் கலவைகளில் செய்தது போல பேஸும் டிரம்ஸும் மட்டும் நிற்கட்டும். நான்கு பாருக்கு ஒருமுறை கிட்டாரின் ஒரே ஒரு வெட்டை எக்கோவில் விடுங்கள். 150 வேகத்துக்கு எக்கோவை 600 மில்லிநொடியில் வையுங்கள், ஒன்றரைத் தட்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்.