படர்தாமரைக்கு மருந்து போடும்போது செய்யக்கூடாதவை: முதல்முறை வந்தவர்களுக்கான செய்முறை

மருந்துக்கடையில் போய், "அண்ணே, தொடை இடுக்குல ஒரே அரிப்பு, ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் மறுகேள்வி இல்லாமல் ஒரு ட்யூப் கைக்கு வந்துவிடும். போட்டால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், ஒரு வாரத்தில் சிவப்பு மங்கும். ட்யூபை மூடி வைத்துக் கொஞ்ச நாள் ஆனதும், ஒரு ரூபாய் நாணயம் அளவில் இருந்தது உள்ளங்கை அளவில் திரும்பி வரும். படர்தாமரையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்கும் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

அரிப்பு நின்றதையும் பூஞ்சை செத்ததையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் இதில் மூலத் தவறு. கீழே வரும் மற்ற தவறுகளில் முக்கால்வாசி அதன் பிள்ளைகள். இது பெரியவர்களுக்கு உடம்பிலும் தொடையிலும் வரும் படர்தாமரைக்காக எழுதியது. குழந்தையின் தலையில் முடி கொட்டி வட்டமாக வந்திருந்தாலோ, நகம் தடித்து மஞ்சளாகியிருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ நேராகத் தோல் டாக்டரிடம் போய்விடுங்கள். தலைக்கும் நகத்துக்கும் பெரும்பாலும் மேலே பூசுவது மட்டும் போதாது.

படி 1: வந்திருப்பது பூஞ்சைதானா என்று பாருங்கள்

படர்தாமரைப் பூஞ்சைக்குச் சாப்பாடு கெரட்டின். தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் இருக்கிற புரதம் அது. ஓரிடத்தில் தின்று முடித்துவிட்டு, காய்ந்த புல்லில் தீ பரவுவது போல வெளிப்பக்கமாக நகரும். அதனால்தான் நடுவில் தோல் தெளிந்தும், ஓரம் சிவந்து மேடாகிச் செதிலோடும் வளையம் தெரிகிறது. உயிரோட்டமெல்லாம் அந்த ஓரத்தில்தான். இதை நினைவில் வையுங்கள், மருந்து பூசும்போது தேவைப்படும்.

தேமல் வேறு பூஞ்சை. மலசீசியா என்ற அந்த ஈஸ்ட் எல்லோர் தோலிலும் உண்டு. எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. மார்பிலும் முதுகிலும் வெளுத்த அல்லது பழுப்பான திட்டுகளாக வரும், அரிப்பு குறைவு. சேற்றுப்புண் கால் விரல் இடுக்கில் தோல் ஊறி வெளுத்து வெடிப்பது.

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரையும் இல்லை. சிலவகை எக்சிமா, சொரியாசிஸ் எல்லாம் வட்டமாக வரும். இன்னொன்று முக்கியம்: வெளுத்த திட்டு இருக்கிறது, அரிப்பே இல்லை, தொட்டால் அந்த இடத்தில் உணர்வு குறைவு என்றால் கிரீம் தேடாதீர்கள். 'உணர்ச்சியற்ற தேமல்' என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் எழுதி வைத்திருப்பது இதைத்தான். தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். சிகிச்சை இலவசம், முழுதாகக் குணமாகும்.

படி 2: ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வீட்டில் இருக்கிற ட்யூபை எடுத்து, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள்.

குளோட்ரிமசால், மைக்கோனசால், கீட்டோகோனசால், லூலிகோனசால், டெர்பினாஃபின், சிக்ளோபிராக்ஸ். இவை பூஞ்சைக்கான மருந்துகள். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் சரி.

குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன். இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு கலந்த ட்யூப். குளோபெட்டசால் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே ட்யூபில் அடைத்து விற்பதும் உண்டு. எது வந்திருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம், எதையாவது ஒன்று பிடிக்கும் என்ற கணக்கு.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? பூஞ்சையை எதிர்த்து உங்கள் தோல் நடத்துகிற சண்டைதான் சிவப்பாகவும் அரிப்பாகவும் தெரிகிறது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. அரிப்பு போகிறது, நமக்கு நிம்மதி. பூஞ்சைக்கு அதைவிட நிம்மதி. தடுக்க ஆளில்லாமல் பரவும். வளையத்துக்குள் வளையமாக, ஓரம் தெளிவில்லாமல், படர்தாமரை என்றே அடையாளம் தெரியாதபடி உருமாறும். தோல் டாக்டர்கள் இதை டினியா இன்காக்னிட்டோ என்பார்கள், வேஷம் போட்ட படர்தாமரை. தொடை இடுக்கில் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். அங்கே மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி கோடுகள் விழும். பூஞ்சை போனாலும் அந்தக் கோடுகள் முழுதாக மறைவதில்லை.

பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று 2018-இல் இந்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கலவை மருந்துகளுக்குத் தடையும் போட்டது. ஆனாலும் சீட்டு கேட்காத கடைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கடைக்காரரிடம், "ஸ்டீராய்டு கலக்காத கிரீம் குடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

முகத்தில் வந்தவர்கள் சிவப்பழகு கிரீமையும் சந்தேகப்படுங்கள், சிலவற்றில் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும்.

ஏற்கெனவே பல வாரமாக ஸ்டீராய்டு ட்யூப் போட்டுக்கொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் கிளம்பும். அதைப் பார்த்து மறுபடி அதே ட்யூபைப் பிதுக்குவதுதான் சுழல். அந்த நிலையில் இருந்தால் தனியாக முயல வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

படி 3: இரண்டு, இரண்டு, இரண்டு

கிரீம் பூசுவதற்குத் தோல் டாக்டர்கள் சொல்கிற எளிய கணக்கு இது. தினம் இரண்டு வேளை. வளையத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரைக்கும் சேர்த்து. முழுதும் தெளிந்த பிறகும் இரண்டு வாரம். (சில மருந்துகள் ஒரு வேளை போதும். அட்டையில் என்ன இருக்கிறதோ, டாக்டர் என்ன சொன்னாரோ அதுதான் கணக்கு.)

நிறையப் பேர் சிவந்த இடத்தில் மட்டும் தடவுகிறார்கள். ஓரத்துக்கு வெளியே நல்ல தோல் மாதிரி தெரிகிற இடத்தில் பூஞ்சை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே வெளியிலிருந்து உள்ளே வருகிற மாதிரி தடவுங்கள்.

அளவு? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகக் கிரீமைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டு தொடையும் இடுப்பும் சேர்த்து எட்டு உள்ளங்கை அளவு இருந்தால், ஒரு வேளைக்கு 2 கிராம், ஒரு நாளைக்கு 4 கிராம். 15 கிராம் ட்யூப் நான்கு நாள்கூடத் தாங்காது. ஒரே ட்யூபை ஒரு மாதம் ஓட்டியிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மருந்து போடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

படி 4: குளியல்

கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது அப்போதைக்குச் சுகம், பிறகு அரிப்பு இரண்டு மடங்கு. பீர்க்கங்காய் நார், பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். தோலில் கீறல் விழுந்தால் பூஞ்சைக்குப் புது வாசல். இடுக்கில் ஷேவ் செய்வதையும் குணமாகும் வரை தள்ளிப் போடுங்கள்.

குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினியைக் கலப்பது நம் வீடுகளில் பழக்கம். அது தோலை வறட்டி எரிச்சலாக்கும். சாதாரண மென்மையான சோப்பு போதும்.

குளித்த பிறகுதான் முக்கியமான வேலை. துண்டால் ஒற்றி எடுத்து, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, கால் விரல் இடுக்கு எல்லாம் நன்றாகக் காயும் வரை ஃபேனுக்குக் கீழே சில நிமிடம் நில்லுங்கள். ஈரத்தோடு உடை மாட்டினால் என்ன மருந்து போட்டும் பலன் குறைவு. காய்ந்ததும் கிரீம். தோல் வறண்டிருந்தால் மாய்ஸ்சரைசர் போடலாம், ஆனால் கிரீம் பூசி அரை மணி நேரம் கழித்து. கிரீம் மேல் பவுடரைக் கொட்டி அப்பிவிடாதீர்கள். வியர்வையோடு கட்டிதட்டி இடுக்கை இன்னும் உரசும்.

படி 5: கயிறு, நாடா, துண்டு

அரைஞாண் கயிறு. இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். தினம் நனைந்து, உலராமல், இடுப்பை ஒட்டியே கிடக்கிற கயிறு பூஞ்சைக்குச் சொந்த வீடு. சிகிச்சை முடியும் வரை கழற்றி வையுங்கள். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குணமான பிறகு புதுசு கட்டலாம் என்று பேசிப் பாருங்கள். கை மந்திரக் கயிறு, அடியில் ஈரம் நிற்கிற மோதிரம் இவற்றுக்கும் இதே நியாயம்.

சேலை கட்டுகிறவர்களுக்குப் பாவாடை நாடா இறுகுகிற இடத்தில்தான் முதலில் வரும். அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளலாம், அல்லது நாடா விழும் இடத்தைத் தினம் கொஞ்சம் மாற்றிக் கட்டலாம். இறுக்கமான ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கொஞ்ச காலம் பீரோவில் இருக்கட்டும். வீட்டில் லுங்கி, பருத்தி நைட்டி போதும்.

துண்டு, சோப்பு, படுக்கை விரிப்பு தனித்தனி. உள்ளாடையைப் பச்சைத்தண்ணீரில் அலசினால் மட்டும் பூஞ்சையின் வித்துகள் முழுதாகச் சாவதில்லை. தனியாக எடுத்து, 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் அரை மணி நேரமாவது ஊறவிட்டுத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு நல்ல வெயிலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் இஸ்திரிப் பெட்டி கைகொடுக்கும்.

காலில் சேற்றுப்புண்ணும் இருந்தால் முதலில் சாக்ஸ், அதற்குப் பிறகு ஜட்டி. வரிசை மாறினால் கால் பூஞ்சையை ஜட்டி வழியாக நாமே தொடைக்கு ஏற்றிவிடுவோம்.

வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் அவருக்கும் சேர்த்தே வைத்தியம். இல்லாவிட்டால் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். உடம்பில் முடி கொட்டுகிற பூனை வீட்டில் உலாவினால் அதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 6: கைவைத்தியம்

பூண்டை அரைத்துக் கட்டுவது, எலுமிச்சையும் உப்பும் தேய்ப்பது, மண்ணெண்ணெய் தடவுவது: மூன்றும் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். தேமலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது, மலசீசியாவுக்கு விருந்து வைப்பது.

சீமை அகத்தி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. வண்டுகொல்லி என்று ஊர்ப்பக்கம் சொல்கிற இந்த இலையைப் படர்தாமரைக்குப் போடுவது நெடுநாள் வழக்கம். பிலிப்பைன்ஸ் அரசு பரிந்துரைக்கிற பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. ஆனால் பரவிக்கிடக்கிற, ஏற்கெனவே ஸ்டீராய்டு பார்த்த படர்தாமரையை இலைச்சாற்றை நம்பி விட்டுவைக்க மாட்டேன்.

சாலிசிலிக் அமிலம் கலந்த பழங்காலக் களிம்புகள் இன்னும் கிடைக்கின்றன. தோலை உரிப்பதால் தடித்த உள்ளங்காலுக்கு உதவும். தொடை இடுக்கில் போட்டால் வெந்துவிடும்.

படி 7: எப்போது டாக்டர், போகும்போது என்ன செய்வது

சரியாகப் பூசியும் இரண்டு மூன்று வாரத்தில் அசைவில்லை என்றால், பல இடங்களில் பரவினால், சீழ் வைத்தால், சர்க்கரை நோய் இருந்தால் போய்விடுங்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்கள் சர்க்கரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. உங்கள் தவறே இல்லாமலும் மருந்து கேட்காமல் போகலாம். ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-இல் பெயர் வைக்கப்பட்ட பூஞ்சை இந்தியாவில் பரவலாக இருக்கிறது. அதில் பலவற்றுக்கு டெர்பினாஃபின் மாத்திரை பிடிப்பதில்லை.

மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். இட்ரகோனசால் என்ற பூஞ்சை மருந்து கொழுப்புக்குப் போடுகிற சில மாத்திரைகளோடு சேரக்கூடாது, கல்லீரலையும் பார்க்க வேண்டும். டாக்டர் அதைக் கொடுத்தால், கேப்சூலைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது.

குணமான இடத்தில் கருப்பாகவோ வெளுப்பாகவோ நிறம் நிற்பது சகஜம், மாதக்கணக்கில் மெதுவாகப் போகும். லேசாகச் சுரண்டினால் பொடி உதிர்கிறதா, ஓரம் மேடாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் நிறம்தான், அதற்கு மருந்து போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், வலிக்காது. அன்று காலை அந்த இடத்தில் எதையும் பூசாமல் போங்கள். இதுவரை போட்ட மருந்துகளின் பெயர் நினைவில்லாவிட்டால், தீர்ந்த ட்யூபையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசை மேல் வையுங்கள்.